சட்டமும் இல்லமும்: பை நிறையக் காகிதம்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்த வேளையில், நம் உறுப்பினர் குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மஞ்சள் பையொன்றைக் கையில் ஏந்தி என்னிடம் வந்தார். பையை அப்படியே மேஜைமீது கவிழ்த்தார். முத்திரைத் தாள்கள், கந்தாய ரசீதுகள், மின்கட்டண அட்டைகள், ஓரம் தேய்ந்த ஒதுக்கீட்டுக் கடிதம் ஒன்று என்று ஒரு குவியலே சேர்ந்தது. "ஐயா, இதிலே எது எங்கள் வீட்டுப் பத்திரம் என்று எடுத்துக் கொடுங்கள். பாங்கி வக்கீல் ஒன்றுகூடப் பத்திரம் இல்லை என்கிறார்" என்றார். ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்தேன். பாங்கி வக்கீல் சொன்னது உண்மையாகவே இருந்தது. அதை அந்த அம்மையாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அவருடைய அனுமதியின் பேரில், பெயரையும் தெருவையும் விடுத்து அந்த வரலாற்றை இங்கே எழுதுகிறேன். வீடு வாங்கல், விற்றல் பற்றி அன்பர்கள் இம்மாதம் எழுதிக் கேட்டிருப்பனவற்றுள் பெரும்பாலானவை இந்த ஒரு வரலாற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

அம்மையாரின் கணவர் சேலத்துப் பக்கத்திலிருந்து இளமையில் மைசூருக்கு வந்து ஆலையொன்றில் வேலை பார்த்தவர். 1986-ஆம் ஆண்டில் குவெம்பு நகரில் ஒரு சிறு வீட்டை வாங்கினார். விற்றவர், மைசூர் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு என்னும் பழைய ஸ்தாபனத்திடமிருந்து 1979-இல் மனை பெற்று வீடு கட்டிய ஓர் அரசாங்க ஊழியர். 1903-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தப் போர்டு, 1988-இல் மைசூர் நகர வளர்ச்சி ஆணையமாயிற்று. சட்டசபை 2024-இல் நிறைவேற்றிய தனிச் சட்டத்தின்படி இப்பொழுது மைசூரு வளர்ச்சி ஆணையம் என்று பெயர் பெற்றிருக்கிறது. இந்த ஸ்தாபனம் மனை கொடுக்கும்போது முதலிலேயே கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. குத்தகையும் விற்பனையும் கலந்த ஓர் ஒப்பந்தம் எழுதும். குறிப்பிட்ட ஆண்டுகள்வரை மனையைப் பிறருக்கு விற்கலாகாது என்று நிபந்தனை விதிக்கும். அந்தக் காலம் கழிந்து, நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகே முழுக் கிரயப் பத்திரம் எழுதித் தரும். விற்றவருக்கோ பணம் உடனே வேண்டியிருந்தது. ஆகவே ஒரு பொது அதிகாரப் பத்திரம், ஒரு விற்பனை ஒப்பந்தம், ஒரு பிரமாண வாக்குமூலம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்து, முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டார். "போர்டு எனக்குப் பத்திரம் கொடுத்த அன்றே உமக்கு எழுதித் தருவேன்" என்பது அவர் வாக்கு. மனிதர் நல்லவரே. ஆயினும் 2004-இல் அவர் காலமானார். அம்மையாரின் கணவரும் 2017-இல் மறைந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் கந்தாயம் கட்டியவர்களும், ஓடு மாற்றியவர்களும், மாடி எழுப்பியவர்களும் இவர்களே. இன்று முழங்கால் சிகிச்சைக்காகவும் முதுமைக் காலத்தில் கடைசி மகளோடு போய் இருக்கவும் வீட்டை விற்க விரும்புகிறார். வாங்க ஆள் இருக்கிறது. விற்பதற்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சட்டம் இவ்விஷயத்தில் மிகவும் பழமையானது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தினால்தான் நடைபெறும் என்கிறது. அதே பிரிவு, விற்பனை ஒப்பந்தம் என்பது தன்னளவில் அந்தச் சொத்தில் எவ்வித பாத்தியதையையும் உண்டாக்காது என்றும் சொல்லிவிடுகிறது. பணம் முழுவதும் கைமாறினாலும், சாவியே கைமாறினாலும், நூறு சாட்சிகள் கையெழுத்திட்டாலும், ஒப்பந்தம் ஒப்பந்தமே. அது "எழுதித் தருகிறேன்" என்ற வாக்கு. எழுதித் தந்தது ஆகாது.

பொது அதிகாரப் பத்திரமோ அதனினும் வலிமை குறைந்தது. ஒருவர் தமக்காக வேறொருவர் காரியம் செய்யலாம் என்று கொடுக்கும் அனுமதியே அது. அனுமதி கொடுத்தவர் இறந்தால் அனுமதியும் அவருடன் முடிந்துபோகும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி. "ரத்து செய்ய முடியாதது" என்று தலைப்பில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் போதும் என்று நம்புவோர் நம்மிடையே பலர். 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, சூரஜ் லாம்ப் என்னும் கம்பெனியின் வழக்கில், அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைச் சேர்த்து நடத்தும் விற்பனையால் உரிமை மாறாது என்று தெளிவாகக் கூறிவிட்டது. 2025 பிப்ரவரியில் பெங்களூரின் தென்புறத்து மனையொன்றைப் பற்றி வந்த தீர்ப்பு நமக்கு இன்னும் நெருங்கியது. அதில் 1986-இல் அதிகாரப் பத்திரமும் பதிவு செய்யாத ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்த சொந்தக்காரர் 1997-இல் இறந்தார். அதிகாரம் பெற்றவர் 1998-இல் அதை வைத்துத் தம் மகனுக்கே கிரயம் எழுதிப் பதிவும் செய்தார். சில ஆண்டுகள் கழித்து இறந்தவரின் வாரிசுகள் அதே மனையை வேறொருவருக்கு விற்றனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. இறந்தவர் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு எழுதிய பத்திரம் நிற்கவில்லை. வாரிசுகள் வழியாக வந்தவர்களின் உரிமையே நின்றது. ஆண்டும் காகிதங்களும் நம் அம்மையாருடையவை போன்றே இருப்பதைக் கவனியுங்கள்.

ஒப்பந்தத்தை மட்டும் நம்பினவர்க்கு நேர்ந்ததற்கு மற்றோர் உதாரணம் சொல்ல வேண்டும். அதில் நம்மவர் பெயர் ஒன்று சம்பந்தப்பட்டிருப்பதால் அதை விட மனம் வரவில்லை. ஆற்காட்டு நாராயணசாமி முதலியார் என்ற பெருவணிகரைப் பெங்களூர்த் தமிழர் அறிவர். அவர் 1873-இல் தண்டுப் பகுதியில் தொடங்கிய கல்விச்சாலை இன்றும் அவர் பெயரின் முதலெழுத்துக்களோடு நடைபெற்று வருகிறது. அந்த அறநிலையத்தின் அனுபவத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் நிலம் ஒன்றைப் பற்றி, வேறு சிலரோடு தாம் விற்பனை ஒப்பந்தம் செய்திருப்பதாகவும், 75 லட்சம் ரூபாயை ரொக்கமாக முன்பணம் கொடுத்திருப்பதாகவும் சொல்லி இருவர் வழக்குத் தொடர்ந்தனர். கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் வழக்கு நடக்கட்டும் என்று விட்டுவிட்டன. (அந்த ஹைகோர்ட்டு இருக்கும் அத்தாரா கச்சேரியை ஒப்பந்தம் எடுத்துக் கட்டி முடித்தவரும் அதே முதலியார்தாம்.) 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கை வாசலிலேயே தள்ளிவிட்டது. ஒப்பந்தம் மட்டும் வைத்திருப்பவருக்கு, அந்த ஒப்பந்தத்தில் கட்சியல்லாத, சொத்தை அனுபவித்துவரும் மூன்றாம் நபர்மீது வழக்காட உரிமை இல்லை. தமக்கு எழுதிக் கொடுத்தவரையே அவர் கேட்க வேண்டும் என்றது. அதோடு நில்லாமல், இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லும் வழக்கு எங்கு வந்தாலும் வருமான வரி இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் நீதிமன்றங்களுக்குக் கட்டளையிட்டது. "பாதி வெள்ளை, பாதி ரொக்கம்" என்று இன்னமும் பேரம் பேசும் அன்பர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை இருமுறை படிப்பார்களாக. வீட்டுக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 முதலே சட்டவிரோதம். வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாக விதிக்கப்படலாம்.

நிற்க. அம்மையாருக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. குறுக்குவழிதான் இல்லை.

முதலாவது, அவரை வீட்டைவிட்டு வெளியேற்ற இயலுமா என்ற அச்சம். எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில் அனுபவம் ஒப்படைக்கப்பட்டு, வாங்கியவர் தம் கடமையை நிறைவேற்றியிருந்தால், சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஏ பிரிவு அவருடைய அனுபவத்துக்குக் காப்பளிக்கிறது. 2001 செப்டம்பர் 24-ஆம் தேதிக்குப் பின் எழுதிய ஒப்பந்தமானால் பதிவும் ஆகியிருந்தாலன்றி இந்தக் காப்புக் கிடையாது. இவருடையது அதற்கு முற்பட்டது. ஆயினும் அந்தப் பிரிவு இருப்பவரை இருக்கவிடுமே தவிர, விற்பதற்கான உரிமையைத் தராது. "பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் வீடு நமதுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. சொந்தக்காரரின் சம்மதத்தோடு உள்ளே வந்தவர், எதிரிடை அனுபவம் கொண்டாடுவது எளிதன்று.

இரண்டாவது, எழுதிக் கொடுத்தவரின் வாரிசுகளைத் தேடுவது. அவர்கள் இறப்புச் சான்றும், இங்கே வம்சவிருட்சம் என்று வழங்கும் வாரிசு அட்டவணையும் கொண்டு ஆணையத்திடம் மனுச் செய்து, முழுக் கிரயப் பத்திரத்தைத் தங்கள் பெயரில் பெற வேண்டும். பிறகு அவர்கள் எல்லோரும் சேர்ந்து அம்மையாருக்கும் அவர் மக்களுக்கும் பதிவு செய்த கிரயம் எழுதித் தர வேண்டும். வாரிசுகள் இசையாவிட்டால் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போடலாம். அதற்குக் காலவரையறை மூன்று ஆண்டு. ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து. குறிக்கவில்லையெனில், எழுதித்தர மறுக்கிறார்கள் என்பது தெரியவந்த நாளிலிருந்து அக்காலம் ஓடத் தொடங்கும். இவருடைய ஒப்பந்தத்தில் நாள் இல்லை. ஆகவே எழுத்தில் ஒரு மறுப்பு வந்த அன்றே மூன்றாண்டு எண்ணத் தொடங்கிவிட வேண்டும். அன்றியும், விற்கக் கூடாத காலத்திற்குள் எழுதிய ஒப்பந்தம் என்பதால் நீதிமன்றம் அதை ஏற்க மறுக்கவும் கூடும். ஆதலால் இத்தகைய விஷயங்களில் வக்கீல் நோட்டீசை முதலில் அனுப்பாமல், ஒரு பெரியவரை முதலில் அனுப்புவதே நன்று என்பது என் அபிப்பிராயம். வக்கீலாகிய நான் இதைச் சொல்வது தொழிலுக்கு அடுக்குமா என்று நண்பர்கள் கேட்கலாம்.

வாரிசுகளைப் பற்றிப் பேசும்போது, விற்றவர் பக்கத்து வாரிசுகளை மட்டும் எண்ணி நம் பக்கத்தை மறந்துவிடுகிறோம். அம்மையாரின் கணவர் உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்த சொத்து 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாயார் ஆகிய எல்லோருக்கும் சமபங்காகும். "பெண்களுக்குச் சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு?" என்று கேட்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சீர் செய்ததைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை. நாம் குடிவந்த இந்த மைசூர் ராஜ்யம் 1933-ஆம் ஆண்டிலேயே இந்துப் பெண்களின் உரிமைக்கென்று தனிச் சட்டம் இயற்றி, பாகப் பிரிவினையில் வீட்டுப் பெண்களுக்கும் பங்கு கொடுத்தது. பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனோடொத்த உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், கர்நாடகத்தில் 1994-லும் அக்காலத்தில் மணமாகாத பெண்களுக்கு வந்தது. 2005-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்த ஆண்டில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தையும் 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்து, வேண்டியதில்லை என்றது. ஆதலின் வீடு வாங்குவோர் "அக்கா தங்கை யாராவது உண்டா?" என்று கேட்பதைக் குறையாக எண்ணக் கூடாது. கேட்காமல் வாங்கினவர்கள் பின்னால் கோர்ட்டில் கேட்க நேர்ந்திருக்கிறது. பங்காளிகளில் ஒருவர் மைனராக இருந்தாலோ, தகப்பனோ தாயோ கையெழுத்திட்டால் போதாது. நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இன்றேல் அந்தப் பிள்ளை பதினெட்டு வயது நிறைந்தபின் மூன்றாண்டுக்குள் விற்பனையை ஆட்சேபிக்கலாம்.

அம்மையாரின் மூத்த மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் வந்து போகச் செலவு அதிகம். அதிகாரப் பத்திரம் அனுப்பினால் போதாதா என்று கேட்டார். இங்கே அதிகாரப் பத்திரம் நல்ல வேலை செய்யும். சொந்தக்காரர் உயிரோடிருந்து, தம் தம்பியையோ தாயையோ தமக்காகக் கையெழுத்திட அனுப்புவதற்கே அது ஏற்பட்டது. அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியின் முன்போ நோட்டரியின் முன்போ கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். மற்றொன்றும் உண்டு. ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டை வாங்குபவர் விலையில் நூற்றுக்கு ஒன்றை வருமான வரிக்காகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால், அவர் பங்குக்கு இந்த ஒன்று செல்லாது. விலை எவ்வளவு சிறிதாயினும், அதைவிட மிக அதிகமான வீதத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு வாங்கினவர் தலைமேல் விழும். ஆகவே விற்பதற்கு முன்பே அந்த மகள் வரி அதிகாரியிடம் குறைந்த வீதத்துக்கு அத்தாட்சி பெற்றுக்கொள்வது இரு தரப்பாருக்கும் நல்லது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் உள்ள நம் வீடுகள் எத்தனை என்று எண்ணினால் இது சிறிய விஷயம் அன்று.

பிள்ளைகள் வெளியூரில், வீடு மைசூரில் என்ற நிலை நம் எளிய குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. யாதவகிரியில் ஆர். கே. நாராயண் கட்டிய வீட்டை அறியாதார் இல்லை. அவர் பிற்காலத்தில் சென்னைக்குச் சென்று 2001-இல் அங்கேயே காலமானார். 2011-இல் அந்த வீடு கைமாறி இடிக்கும் வேலையும் தொடங்கிய பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. வேலை நிறுத்தப்பட்டு, வீடு பொதுச் சொத்தாகி, செப்பனிடப்பட்டு, 2016-இல் நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. லட்சுமிபுரத்து அன்பர் ஒருவர், "என் பழைய வீட்டை வாங்குபவர் அதை இடிக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறார். எழுதினாலும் பயன் இல்லை. முழு உரிமையையும் விற்றுவிட்டு, அனுபவிக்கும் முறையைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையைப் பொதுவாகச் சட்டம் ஏற்பதில்லை. ஆனால் இந்நகரில் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டும் எண்ணத்தோடு வாங்குவோர் முன்கூட்டியே அதைப் பார்த்துக்கொள்வது நலம்.

இனிக் காகிதங்களைப் பற்றி. தமிழ்நாட்டுச் சொற்களோடு இங்கு வந்து, கன்னடச் சொற்களைக் கண்டு மயங்குவது நமக்கு இயல்பே. உற்று நோக்கினால் பாதிக்கு மேல் நமக்கு உறவுக்காரச் சொற்களே. நாம் கிரயப் பத்திரம் என்பதை இவர்கள் கிரய பத்ர என்பர். வில்லங்கச் சான்று இங்கே ருணபார பிரமாண பத்ர. சார்பதிவாளர் உபநோந்தணாதிகாரி ஆவார். மனை, நிவேஷன. நம் செக்குபந்தி இவர்களுடைய சக்குபந்தி. நான்கு எல்லைகளும் அதில் இருக்கும். வீட்டு வரிக்குக் கந்தாயம் என்னும் பழஞ்சொல்லை நம் ஊரில் மறந்துவிட்டோம். இங்கே அது உயிரோடு இருக்கிறது. நாம் பட்டா என்று தேடுவதன் இடத்தில், நகரத்தில் காத்தா நிற்கிறது. இந்தக் காத்தா பற்றியே மயக்கம் அதிகம். காத்தா என்பது கந்தாயம் யார் பெயரில் கட்டப்படுகிறது என்று காட்டும் கணக்கு. அது உரிமைப் பத்திரம் ஆகாது. நம் அம்மையாரிடம் கந்தாய ரசீதுகள் நாற்பது ஆண்டுக்கு இருந்தும் உரிமை பிறக்காததன் காரணம் இதுவே. ஆயினும் காத்தா இன்றியும் காரியம் நடவாது. 2024 முதல் மின்காத்தா இருந்தாலன்றி நகரச் சொத்துக்களின் கிரயத்தைப் பதிவு செய்வதில்லை. அனுமதியற்ற மனைகளுக்கு 2025 முதல் மாநிலத்தின் பிற நகரங்களிலும் பி காத்தா என்று ஒன்று கொடுத்து வருகின்றனர். அது வரி வாங்குவதற்கான ஏற்பாடு. குறைகளை அது நீக்கிவிடவில்லை. விலை மலிவாகக் கிடைக்கும் மனையில் முதலில் பார்க்க வேண்டியது, காத்தாவின் தலையில் ஏ என்றிருக்கிறதா, பி என்றிருக்கிறதா என்பதே. ஊருக்கு வெளியே கிராமப் பஞ்சாயத்து எல்லையானால் 9-ஆம் நமூனா, 11-ஆம் நமூனா என்பவற்றைக் கேட்க வேண்டும். விளைநிலமாக இருந்ததை மனையாக மாற்றிய உத்தரவையும் கேட்க வேண்டும். கர்நாடகத்தில் விவசாயி அல்லாதார் விளைநிலம் வாங்குவதற்கிருந்த தடை 2020-இல் நீக்கப்பட்டது. நிலத்தை வாங்கலாம் என்பதால் அதில் வீடு கட்டிவிடலாம் என்று பொருள் அன்று. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அரசாங்கம் மானியமாக வழங்கிய நிலமாயின், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் அனுமதியின்றி விற்ற விற்பனை செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை காலம் கழிந்திருந்தாலும் நிலம் உரியவருக்குத் திரும்பக் கூடும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் காலதாமதம் என்ற சமாதானத்தையும் எடுத்துவிட்டது.

கராபு என்ற சொல்லையும் அறிந்திருத்தல் வேண்டும். சர்வே எண்ணுக்குள் சாகுபடிக்கு உதவாத பகுதி ஏ கராபு. பாதை, ஓடை, குளம் போன்ற பொது உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டது பி கராபு. பின்னது அரசாங்கத்துக்கே உரியது. சாமுண்டி மலையடிவாரத்துக் குருபரஹள்ளியின் 4-ஆம் சர்வே எண்ணை மைசூர்க்காரர் மறக்க மாட்டார்கள். அந்தப் பரப்பு பி கராபு என்று மாவட்ட நிர்வாகம் 2015-இல் உத்தரவிட்டபோது, சித்தார்த்த நகர் முதலிய குடியிருப்புக்களில் முறையாக மனை வாங்கி வீடு கட்டி வாழ்ந்தவர்களும் காத்தா மாற்ற முடியாமல், விற்க முடியாமல் சில ஆண்டுகள் தவித்தனர். அதன் பின்னரே அக்குடியிருப்புக்களுக்கு விடிவு பிறந்தது. பத்திரம் சரியாக இருந்தவர்களுக்கே இந்தப் பாடு என்றால், மூலப் பத்திரத்தோடு சர்வே வரைபடத்தையும் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

வில்லங்கச் சான்று இப்பொழுது காவேரி என்னும் பதிவு இலாகா இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே கிடைக்கிறது. 2004 ஏப்ரலுக்கு முற்பட்ட பதிவுகளுக்குப் பதிவு அலுவலகத்தில் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுக்குப் பார்ப்பது முறை. அதில் பதிவானவை மட்டுமே தெரியும். பதிவு செய்யாத ஒப்பந்தம், எழுதி வைத்த உயில், கோர்ட்டில் நிலுவையிலுள்ள வழக்கு, பாங்கியில் மூலப் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் ஆகியவை அதில் தென்படாமல் போகலாம். இதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. "அசல் தொலைந்துவிட்டது, நகல் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் இரண்டும் கேட்பதோடு, அது உண்மையில் எந்தப் பாங்கியின் பெட்டியில் உறங்குகிறது என்பதையும் விசாரித்தல் நன்று. தமிழில் எழுதிய உயிலோ பாகப் பத்திரமோ உங்களிடம் இருந்தால், அதை இங்கு பதிவுக்குக் கொண்டு போகையில் சரியான மொழிபெயர்ப்பும் உடன் வேண்டும். அதிகாரி அறியாத, மாவட்டத்தில் வழங்காத மொழிப் பத்திரத்தை அவர் ஏற்க வேண்டியதில்லை.

செலவு எவ்வளவு ஆகும் என்று பலர் கேட்டிருக்கின்றனர். நகர எல்லைக்குள் 60 லட்சம் ரூபாய் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஐந்து, 3,00,000 ரூபாய். அந்தத் தீர்வையின்மேல் பத்துச் சதவிகிதம் செஸ்ஸும் இரண்டு சதவிகிதம் மேல்வரியும் சேர்ந்து 36,000. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டு இறுதியில் ஒன்றிலிருந்து இரண்டு சதவிகிதமாக உயர்த்தப்பட்டபடி, 1,20,000. ஆக 4,56,000 ரூபாய். அரசு வழிகாட்டி மதிப்பு, பேசிய விலையைவிட அதிகமானால் அந்த மதிப்பின் மேலேயே கணக்கிடுவர். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முத்திரைச் செலவு வாங்குபவருடையது. விற்பவர் தமக்குச் செலவில்லை என்று மகிழ வேண்டாம். மூலதன இலாப வரி அவருக்குக் காத்திருக்கிறது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் உள்நாட்டுக் குடியிருப்பாளர், பன்னிரண்டரை சதவிகிதம் கட்டுவதோ, விலைவாசி உயர்வைக் கழித்து இருபது சதவிகிதம் கட்டுவதோ, எது குறைவோ அதன்படி செலுத்தலாம்.

அம்மையாரின் விஷயம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த அரசாங்க ஊழியரின் மகன் ஹாசன் பக்கத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. நம் சங்கப் பெரியவர் ஒருவரும் அம்மையாரின் மகனும் இரண்டு வாரங்களுக்கு முன் போய்ப் பார்த்தனர். தம் தகப்பனார் கையெழுத்தைக் கண்டதும் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, "அப்பா இதை என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் வருகிறேன். தங்கை இருவரையும் கேட்க வேண்டும்" என்றார். ஒரு தங்கை சம்மதித்தார். மற்றவர், வீட்டின் இன்றைய விலையைக் கேட்டுவிட்டு யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அவர் கையெழுத்தும் வேண்டும், இல்லாமல் முடியாது. வாங்க வந்தவர் ஆவணி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். முன்பணம் எதுவும் வாங்க வேண்டாம் என்று அம்மையாரிடம் நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வம்சவிருட்சத்துக்கான மனு சென்ற திங்கட்கிழமை கொடுக்கப்பட்டது.

போக்கியத்துக்கு வீடு எடுப்போர் கேட்டுள்ள கேள்விகளுக்கு இடமில்லாமையால் அடுத்த இதழில் விடை எழுதுகிறேன். அக்கேள்விகளை அனுப்பியோர் தங்கள் போக்கியப் பத்திரம் பதிவானதா, எத்தனை ரூபாய் முத்திரைத் தாளில் எழுதியது என்பதையும் ஒரு வரியில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.